ஹோஸியா பிக்கெட்டின் கழுவாத கை

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் நான் நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசினேன். நன்றாகப் பேசினேன். ஜனங்கள் அழுதார்கள். முன் பெஞ்சில் இருந்த ஒரு பருத்த அம்மாள் விசிறியைக் கீழே போட்டுவிட்டுக் கைக்குட்டையைத் தேடினாள். அந்த நேரம் பார்த்து, யாருடைய அருமை பெருமைகளை நான் சொல்லிக்கொண்டிருந்தேனோ அந்தப் பிணம் தும்மியது. பேச்சு பாதியில் நின்றது. இருபத்திரண்டு வருஷமாகிறது. மீதிப் பேச்சு இன்னும் என் தொண்டையில்தான் இருக்கிறது.

அந்தப் பிணத்தின் பெயர் ஹோஸியா பிக்கெட். எங்கள் கறுப்பர் பேஸ்பாலில் பந்து வீசினவன். வீசியது மொத்தம் ஒன்றரை வருஷம். அதில் பெரிய குழுவுக்கு வீசியது பதினோரு வாரம். பத்திரிகையில் ஒரே ஒரு தடவை பெயர் வந்தது, அதையும் தப்பாகப் போட்டார்கள். எங்கள் குழுவில் அவன் வீசியதையெல்லாம் உட்கார்ந்து பிடித்தவன் நான், பெயர் டோல். என் வலது கையில் இன்றைக்கு நேராக இருப்பது இரண்டு விரல். மற்ற மூன்றையும் கோணலாக்கியது அவன்தான். ஆகவே அவனைப் பற்றி நான் எழுதுவதில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆளைப் பார்த்தால் பந்து வீசுகிறவன் என்று சொல்லமாட்டீர்கள். எப்போதும் பாதி மூடின கண். தூங்குமூஞ்சி என்றுதான் கூப்பிடுவோம். வாரத்தில் ஆறு நாள் டர்பன்டைன் முகாமில் வேலை. பைன் மரத்தைக் கொத்தி, வடிகிற பிசினைக் கிண்ணம் கிண்ணமாக வழித்துப் பீப்பாயில் ஊற்ற வேண்டும். பன்னிரண்டு வயதில் காட்டுக்குள் போனவன். அவன் கையில் பிசின் ஏறி, காய்ந்து, மேலே மறுபடி ஏறி, விரலுக்கு இன்னொரு தோல் மாதிரி ஆகிவிட்டது. அவனோடு கைகுலுக்கினால் நம் கையை அவனிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினால் தொப்பி கையோடு நின்றுவிடும், பக்கத்தில் இருக்கிறவன் பிடித்து இழுக்க வேண்டும்.

அந்தக் கையிலிருந்து புறப்பட்ட பந்து தோள் உயரத்துக்கு வரும். அடிக்கிறவன் ஆசையாக மட்டையைச் சுழற்றுவான். பந்து எதையோ மறந்துவிட்டு வந்தது போலச் சட்டென்று முழங்காலுக்கு இறங்கிவிடும். எங்கள் ஆட்டத்தில் பந்தில் எச்சில் துப்புவார்கள், பெல்ட் கொக்கியால் கீறுவார்கள், தலை எண்ணெய் தடவுவார்கள். எல்லாவற்றையும் ஒளித்துத்தான் செய்ய வேண்டும். ஹோஸியா எதையும் ஒளிக்கவில்லை. அம்பயர் கேட்டால் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவான்.

"வேலைக் கை சார். கழுவுனாலும் போவாது. வேணும்னா நீங்களே கழுவிப் பாருங்க."

எந்த அம்பயரும் கழுவவில்லை.

எங்கள் குழுவை நடத்தினவர் டெல்ஃபி என்கிற எங்கள் ஊரில் சவ அடக்கத் தொழில் செய்த லெம் ட்ராவிக். ஊர் ஊராக ஆடப் போவதற்கு எங்களுக்கு பஸ் கிடையாது. லெம்மின் சவ வண்டி, அதற்குப் பின்னால் ஒரு பழைய கார், அவ்வளவுதான். எதிர்க்குழுக்காரன்கள் எங்களைப் பாடைக் கோஷ்டி என்பான்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எங்கள் பக்கத்தில் கறுப்பன் ஓட்டும் எந்த வண்டியையும் போலீஸ் நிறுத்தும். சவ வண்டியை நிறுத்தாது. தெருவில் போகிற வெள்ளைக்காரன்கூடத் தொப்பியை எடுத்து நெஞ்சில் வைப்பான். நாங்கள் உள்ளே பொரித்த மீன் தின்றுகொண்டு போவோம்.

முப்பத்தொன்றாம் வருஷம் ஆகஸ்டில் லெம்முக்கு ஒரு கடிதம் வந்தது. மெம்பிஸ் ஓரியன்ஸ் குழுவின் முதலாளி கேட்டோ டன்மோர், ஞாயிற்றுக்கிழமை லோவல் ஊரில் நடக்கும் ஆட்டத்துக்கு நேரில் வருகிறார். பிக்கெட் என்கிற பையன் வீசுவதைப் பார்க்க வேண்டும். பிடித்திருந்தால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போவார். ஆட்டம் மூன்று மணிக்கு.

நான் படித்துக் காட்டினேன். ஹோஸியா கேட்டுவிட்டு, "மெம்பிஸ்ல பைன் மரம் இருக்கா?" என்றான்.

"தெரியலையே. ஏன்டா?"

"இருக்கக்கூடாது. இன்னொரு மரத்தக் கண்ணால பாக்க எனக்கு இஷ்டமில்ல."

ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஆடிவிட்டு வரலாம், பிசின் காலத்தில் ஆற்றைத் தாண்டி முகாம் ஆள் யாரையும் விடமாட்டார்கள். தப்பினவனைப் பிடித்துத் தருவதற்கென்றே ஆற்றுப் பாலத்தில் ஒரு டெபுடி போலீஸ்காரன் நிற்பான். லோவலுக்குப் போக அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பாலத்தில் மாட்டினால் ஹோஸியாவுக்குக் காடு, அதற்கு முன்னால் முதுகில் நாலு சாத்து. தாண்டினால் மெம்பிஸ்.

"பெட்டிக்குள்ள படுத்துக்கோ," என்றார் லெம். அவருக்கு அது சாதாரணம்.

அவரிடம் அப்போது ஒரு புதுச் சவப்பெட்டி இருந்தது. ஆர்டர் கொடுத்திருந்த கிழவர் பிழைத்துக்கொண்டார். லெம் அதை ஒரு துரோகமாகவே எடுத்துக்கொண்டார். மலிவாகக் கிடைக்கிறதென்று பச்சைப் பைன் பலகையில் அடித்த பெட்டி, ஈரம்கூடக் காயவில்லை. உள்ளே வெள்ளைத் துணி தைத்திருந்தது.

ஞாயிறு காலையில் ஹோஸியா முகாமிலிருந்து நழுவி வந்து சாலையோரம் எங்களுக்காக நின்றான். பெட்டியில் படுத்தான். மூடியை லேசாக வைத்தோம். நாங்கள் ஒன்பது பேரும் ஆட்டச் சட்டைக்கு மேல் கறுப்புக் கோட்டு மாட்டி, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டோம்.

சவ வண்டியை நிறுத்தாதவன், அன்றைக்கென்று பார்த்துப் பாலத்தில் டெபுடி கையைக் காட்டினான். மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றான்.

"யாருடா செத்தது?"

உள்ளூர்ப் பெயர் சொன்னால் விசாரிப்பான் என்று லெம் தூரத்து ஊரைச் சொன்னார். "மொபைல் துறைமுகத்துலேருந்து கொண்டாறோம் துரை. பாவம், இந்தப் பக்கத்துப் பையன்."

டெபுடியின் முகம் மலர்ந்தது. "ஆம்ப்ரோஸ் காடியா? அட, ஷைலோ கோயில்ல காலைலேருந்து உங்களுக்காகத்தான்டா காத்துக் கிடக்காங்க! எங்க வீட்டுச் சமையல்காரி அங்கதான் போய் உக்காந்திருக்கா. அடக்கம் முடியாம வரமாட்டாளாம். நான் இன்னும் ஒண்ணும் சாப்பிடல. வாங்க, வாங்க, நான் முன்னாடி போறேன்."

லெம் வாயைத் திறப்பதற்குள் மோட்டார் சைக்கிள் கிளம்பிவிட்டது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "முதலாளி, யாரு அது ஆம்ப்ரோஸ் காடி?"

"நீதான்டா. வாயை மூடு."

ஷைலோ எங்கள் கறுப்பர் சபை, கோயில் நிறைய ஜனம். டெபுடி ஓக் மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, புல்லில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். வேறு வழியில்லை. ஆறு பேர் பெட்டியைத் தூக்கினோம். எங்கள் காலில் இருந்தது ஆட்ட ஷூ, அடியில் இரும்புப் பல் வைத்தது. பலகைத் தரையில் டக் டக் டக் டக் என்று கோயிலே அதிர்ந்தது. போதகர் எஸ்டஸ் எங்கள் காலைப் பார்த்தார்.

"மொபைல்ல இப்ப இதுதான் மரியாதை," என்றார் லெம்.

ஆம்ப்ரோஸ் காடி பதினான்கு வயதில் ஊரை விட்டுப் போனவன். அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் யாரும் அவனைப் பார்க்கவில்லை. உறவென்று இருந்தது கண் மங்கின ஒரு தாய்மாமன் மட்டும். மூடியைத் திறந்ததும் அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். நாற்பது வயதுக்காரனை எதிர்பார்த்திருந்தார், கிடந்தவன் இருபத்துநாலு.

"வயசே தெரியலையே," என்றார்.

"கடல் காத்து," என்றாள் பக்கத்தில் ஒருத்தி.

"காது மட்டும் காடி வம்சத்துக் காதுதான்," என்றாள் இன்னொருத்தி. அதோடு அது முடிவாகிவிட்டது.

அங்கேதான் நாங்கள் கணக்கில் எடுக்காத ஒன்று நடந்தது. ஷைலோ கோயிலில் பிணத்தைத் திருத்தி வைக்க வெள்ளை உடுத்திய பெண்கள் சங்கம் ஒன்று உண்டு. எந்த ஊர்ப் பெட்டிக்காரர் எவ்வளவு அழகாகச் செய்து கொண்டுவந்தாலும், அவர்கள் ஒரு தடவை பார்த்துச் சரி சொன்னால்தான் ஜெபம் ஆரம்பிக்கும். சங்கத்தில் ஆர்வெல்லா சிம்ஸ் என்று ஒருத்தி இருந்தாள், எங்கள் வயதுதான். அவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஹோஸியாவின் கையைத் தூக்கினாள்.

"இந்தக் கையோடயா கர்த்தர் முன்னால நிறுத்தப் போறீங்க?"

"தொழில் கை சிஸ்டர்," என்றார் லெம்.

"என்ன தொழில்? நரகத்துக்குத் தார் போடுற தொழிலா?"

"சிஸ்டர், அது போகாதுங்க," என்றேன் நான். பெட்டிக்கும் அவளுக்கும் நடுவில் புகுந்தேன். "அவன் அப்படியே போகணும்னுதான் கடைசியா ஆசப்பட்டான்."

"ஆசப்படுவான். ஆம்பள. ஏ பிள்ள, மண்ணெண்ணெயும் கார சோப்பும் எடுத்தா. அந்தத் தொட்டி தேய்க்கிற பிரஷ்ஷும்."

அரை மணி நேரம் தேய்த்தாள். அந்தக் கையை நம்பித்தான் கேட்டோ டன்மோர் மெம்பிஸிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். பன்னிரண்டு வருஷத்துப் பிசின் கறுப்புத் தண்ணீராகத் தகரத் தொட்டியில் இறங்கியது. நாங்கள் ஒன்பது பேரும் அதைப் பார்த்து விட்ட கண்ணீர் உண்மையான கண்ணீர். எங்கள் துக்கத்தைப் பார்த்து ஊர் ஜனங்களும் அழ ஆரம்பித்தார்கள். ஹோஸியாவின் மூடிய கண்ணோரத்திலும் ஒரு சொட்டு நின்றது. ஆர்வெல்லா அதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி தேய்த்தாள்.

கடைசியில் அவன் கை இரண்டும் குழந்தை கை மாதிரி ஆகிவிட்டன.

மணி இரண்டுக்குப் பக்கம். போதகர் எழுந்து, "பிரேதத்தோடு வந்த சகோதரர்களில் ஒருவர் நாலு வார்த்தை சொல்லட்டும்," என்றார். லெம் என் விலாவில் இடித்தார். நான் போய் நின்றேன். ஆம்ப்ரோஸ் காடியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஹோஸியாவைப் பற்றிச் சொன்னேன்.

"இவன் யாருக்கும் எதையும் சும்மா கொடுத்ததில்லை," என்றேன். "இவன் முன்னால் வந்து நின்ற பெரிய பெரிய ஆட்கள் வெறுங்கையோடு திரும்பிப் போனார்கள். இவன் எனக்குக் கொடுத்த வலி என் விரல்களில் இருக்கிறது. அந்த வலி எனக்கு வேண்டும்."

"ஆமென்!" என்றது கோயில்.

"காட்டிலிருந்து வந்தவன். காட்டுக்குத் திரும்பிப் போகமாட்டேன் என்றான். இன்றைக்கு இவன் போகவேண்டிய இடத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். அதுதான் என் ஜெபம். மூன்று மணிக்குள்."

"சேரட்டும் ஆண்டவரே!"

எனக்கே உடம்பு சிலிர்த்தது. அடுத்தபடி என்ன சொல்லப் போகிறேன் என்றுகூடத் தெரிந்துவிட்டது. அப்போது தாய்மாமன் மறுபடி எழுந்து, மருமகனுக்கு முத்தம் கொடுக்கக் குனிந்தார். அவர் சட்டைப் பையிலிருந்த பொடி டப்பா திறந்துகொண்டு ஹோஸியாவின் மூக்கில் கவிழ்ந்தது.

அந்தத் தும்மலில், சாய்த்து வைத்திருந்த பெட்டி மூடி நழுவி விழுந்தது.

அப்புறம் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. அலறல், பெஞ்சு சாய்கிற சத்தம், ஜன்னல் வழியாகக் குதிக்கிற சத்தம். பாட்டுக்குழுவில் பாதிப் பேர் பியானோவுக்குப் பின்னால், மீதிப் பேர் பியானோவுக்கு மேல். நான் பயந்தது வெளியே இருந்த டெபுடிக்கு. எட்டிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கோயில் எப்போதும் இப்படித்தான் சத்தம் போடும் என்று அவனுக்கு எண்ணம். தொப்பியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு படுத்துவிட்டான்.

ஹோஸியா பெட்டியில் எழுந்து உட்கார்ந்தான். "போதகர் ஐயா, மணி என்ன?"

போதகர் பதறிப் போய்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். "ரெண்டே கால்."

லெம் மண்டியிட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பாலம், முகாம், மெம்பிஸ் முதலாளி எல்லாம். போதகரின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆர்வெல்லா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும். செத்தவனுக்கு உள்ளங்கை வேர்க்குமா?"

ஹோஸியா இரண்டு கையையும் அவள் முன்னால் நீட்டினான். "தெரிஞ்சுமா தேய்ச்ச? அரை மணி நேரம்?"

"உயிரோட இருந்தா மட்டும் அழுக்கு அழுக்கில்லையா?"

போதகர் கையை உயர்த்தினார். கோயில் அடங்கியது. "யாரோட ஆடப் போறீங்க?" என்று கேட்டார்.

"லோவல் குழுவோட ஐயா."

லோவல்காரர்கள் ஜூலை நாலாம் தேதி ஷைலோ கோயில் குழுவைப் பதினான்குக்குப் பூஜ்யம் என்று அடித்துத் துவைத்திருந்தார்கள். அன்றைக்கு ஷைலோவுக்குப் பந்து வீசினவர் போதகர்தான். எங்களுக்கு அது அப்புறம்தான் தெரியும். அவர் பைபிளை மூடினார்.

"பெட்டியைத் தூக்குங்க," என்றார்.

"ஐயா, நிஜமான ஆம்ப்ரோஸ்?" என்று யாரோ கேட்டார்கள்.

தாய்மாமன் பதில் சொன்னார். "இருபத்தாறு வருஷம் வராத பய. ரெண்டு மணி நேரம் காத்துக் கெடக்கட்டும்."

டெபுடி விழித்துப் பார்த்தபோது நாங்கள் டக் டக்கென்று பெட்டியோடு வெளியே வந்துகொண்டிருந்தோம். பின்னால் கோயில் முழுக்க. தொப்பியைக் கழற்றி நின்றான். அவன் வீட்டுச் சமையல்காரி கார் ஜன்னலில் தலையை நீட்டி, "மண்ணு போட்டுட்டு வந்துடறேன் துரை," என்றாள். லோவல் மைதானத்துக்குப் பதினேழு கார், நாலு குதிரை வண்டியோடு போய்ச் சேர்ந்தோம். சவ வண்டியிலிருந்து பெட்டியை இறக்கி, பெட்டியிலிருந்து பந்து வீசுகிறவன் இறங்கியபோது லோவல்காரர்களின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் அந்தச் சந்தோஷம் ஹோஸியா முதல் பந்தை வீசுகிறவரைக்கும்தான். கழுவின கையிலிருந்து பந்து வழுக்கிக்கொண்டு போனது. தோள் உயரத்துக்கு வந்தது, தோள் உயரத்திலேயே போனது. அடித்தார்கள். இரண்டு ரன் போயிற்று. கேட்டோ டன்மோர் வெள்ளைத் தொப்பியோடு முதல் வரிசையில் உட்கார்ந்து பாக்கெட்டிலிருந்து ரயில் அட்டவணையை எடுத்தார்.

நான் ஹோஸியாவிடம் ஓடினேன். அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டோல், இது யாரோட கைடா?"

"வாயை மூடிட்டு எப்படியாவது இதை முடி."

எப்படியோ முடித்தான். இன்னிங்ஸ் மாறுகிற நேரம் நான் கையுறையைக் கழற்றாமலே சவ வண்டிப் பக்கம் போனேன், முகம் கழுவ. ஆகஸ்ட் வெயிலில் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே தைத்த வெள்ளைத் துணியில் தேன் நிறத்தில் திட்டுத் திட்டாக ஊறிக்கொண்டிருந்தது. மலிவுக்கு வாங்கின பச்சைப் பைன் பலகை! வெயில் பட்டுப் பெட்டியே வியர்த்துக்கொண்டிருந்தது. நகத்தால் வழித்தேன். பொங்கி வந்தது.

அப்புறம் ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் நடுவில் எங்கள் ஆள் ஒருவன் பெட்டியருகே போய்த் தலை குனிந்து துக்கம் அனுசரித்துவிட்டு, நகம் நிறையப் பிசினோடு வந்தான். நான் கையுறைக்குள் அப்பிக்கொண்டேன், பந்து அங்கிருந்து ஹோஸியா கைக்குப் போயிற்று. ஒரு தடவை அதிகமாகிவிட்டது. பந்து என் கையுறையில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. ஓடுகிறவனைத் தடுக்க நான் பந்தைக் கையுறையோடு சேர்த்து வீசினேன். அதற்கு என்ன சட்டம் என்று அம்பயருக்கும் தெரியவில்லை.

மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தோம். கடைசி ஆளை ஹோஸியா மூன்று பந்தில் அனுப்பினான். மூன்றும் முழங்காலுக்கு இறங்கின. போதகர் எஸ்டஸ் வேலியின் மேல் ஏறி நின்று லோவல்காரர்களைப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுத முடியாது. அன்றைக்கு ராத்திரியே ஹோஸியா மெம்பிஸுக்கு ரயில் ஏறினான். பெட்டியின் பக்கப் பலகை ஒன்றைக் கைப்பிடியோடு கழற்றிச் செய்தித்தாளில் சுற்றிக் கையோடு எடுத்துப் போனான்.

மெம்பிஸில் அவன் தங்கின வீட்டுக்காரி கட்டிலுக்கடியில் பெருக்கும்போது சவப்பெட்டிப் பலகையைப் பார்த்து, அவனை இரண்டு தடவை வெளியே அனுப்பினாள். எட்டு ஆட்டத்தில் ஆறு ஜெயித்தான். அக்டோபரில் குளிர் வந்தது, பலகை காய்ந்தது. கடைப் பிசின் பொடி வாங்கித் தடவிப் பார்த்தான், மாவு மாதிரி பறந்தது. நான் தகர டப்பாவில் பச்சைப் பிசின் அனுப்பினேன். போய்ச் சேரும்போது கல்லாகியிருந்தது. பந்து தோள் உயரத்திலேயே போக ஆரம்பித்தது. பதினோராவது வாரம் கேட்டோ டன்மோர் கைகுலுக்கி அனுப்பினார். கை ஒட்டவேயில்லையாம்.

காட்டுக்கு அவன் திரும்பவில்லை. அந்தக் குளிர்காலத்தோடு முகாமும் மூடிவிட்டது, தேட ஆளில்லை. ஷைலோவுக்குப் போய், யார் தன் கையைக் கெடுத்தாளோ அவளிடமே நியாயம் கேட்டான். மூன்று ஞாயிறு கேட்டான். நாலாவது ஞாயிறு ஆர்வெல்லாவைக் கல்யாணம் செய்துகொண்டான். லெம்மிடம் பெட்டி அடிக்கிற வேலையில் சேர்ந்தான். தினமும் சாயங்காலம் வீட்டு வாசலில் அவள் சோப்போடு நிற்பாள். கழுவாமல் உள்ளே போனதாக எனக்குத் தெரிந்து ஒரு நாள் கிடையாது.

போன மாசம் ஆள் அனுப்பினான். நுரையீரல். படுக்கையில் பாதிக் கண் மூடிக் கிடந்தான். அது வழக்கம்தான், அதனால் முதலில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"டோல், உன் பேச்சு பாதியிலயே நிக்குதுல்ல?"

"இருபத்திரண்டு வருஷமா."

"இந்தத் தடவ முடிச்சுக்கோ. நான் குறுக்க வரமாட்டேன். மாமன் பொடி டப்பாவும் இல்ல, அவரு போயி ரொம்ப நாளாச்சு."

"எதுலேருந்து ஆரம்பிக்கட்டும்?"

"மூணு மணிக்குள்ளன்னு சொன்னியே, அதுலேருந்து." இருமினான். "பெட்டி நானே அடிச்சாச்சு. பச்சப் பைன். கொட்டகைல இருக்கு. மரத்தப் பாக்க மாட்டேன்னவன்டா நான். கை வச்சுப் பாரு, ஒட்டும்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. ஆர்வெல்லா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவன் குரலைத் தாழ்த்தி என்னைக் கிட்டே வரச்சொன்னான். புதுப் பெட்டிப் பிசின் இன்னும் போகாத விரல்களால் என் கோணல் விரல்களைப் பிடித்துக்கொண்டான்.

"அவ சோப்பு கொண்டாருவா. பிரஷ்ஷும் கொண்டாருவா. நீ மட்டையை எடுத்துட்டு வந்து பெட்டிகிட்ட நில்லுடா. என் கையக் கழுவ விடாத."